“அடிச்சாரா?” என்று மட்டும் கேட்காதீர்கள்

அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் குடும்பப் பெட்டிஷன் விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் அம்மாக்களுக்கும் எஸ்.ஐ.க்களுக்கும்,

வணக்கம். நான் வக்கீல் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. என் தங்கையைக் கூட்டிக்கொண்டு மூன்று முறை உங்கள் நிலையங்களில் ஒன்றின் படி ஏறியவள், அவ்வளவுதான். எந்த ஊர், எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. யாரையும் மாட்டிவிட இதை எழுதவில்லை. அங்கே நடந்தது அந்த ஒரு நிலையத்தில் மட்டும் நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் முறை போனபோது காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு போக்சோ வழக்கு, ஒரு காதல் திருமண ஜோடி, இரண்டு வீட்டாரும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு எவ்வளவு வேலை என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். மதியம் எங்களைக் கூப்பிட்டார்கள். கேள்விகள் வரிசையாக வந்தன. “அடிச்சாரா?” இல்லை மேடம். “குடிப்பாரா?” இல்லை. “வேற பொம்பள சகவாசம் ஏதாவது?” இல்லை. “நகை, பணம்னு கேட்டுத் தொந்தரவு பண்றாங்களா?” இல்லை மேடம். “அப்புறம் என்னதாம்மா உன் பிரச்சினை?”

என் தங்கைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், போனை எடுத்து கேலரியைத் திறந்து மேஜையில் வைத்தாள். எல்லாம் அடுப்புப் படம். கேஸ் அடுப்பின் குமிழ் அணைந்த நிலையில் இருப்பதை மிக நெருக்கத்தில் எடுத்த படங்கள், ஒன்றல்ல இரண்டல்ல, அறுநூறுக்கும் மேலே. விசாரித்த அம்மா இரண்டு மூன்றைத் தள்ளிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அதற்கு ஒரு வருடம் முன்பு நானும் அவளை அப்படித்தான் பார்த்தேன்.

அந்தப் படங்களின் கதை இதுதான். குழந்தை பிறந்து சில மாதங்கள் இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போவாள், திரும்பி வந்தால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், வெறும் பாத்திரம் கருகிக்கொண்டிருக்கும், அவள் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நிற்பார். திட்டமாட்டார். “பச்சப்புள்ள இருக்கற வீடும்மா, இப்படியா விட்டுட்டுப் போவ?” என்று கவலையாகக் கேட்பார். வாரத்தில் ஒரு தடவை, பத்து நாளில் ஒரு தடவை. பீரோ சாவி வைத்த இடத்தில் இருக்காது, இரண்டு நாள் தேடினால் அரிசிப் பானைக்குள் கிடக்கும். “நீதான வச்ச?” என்பார். அப்புறம் அவருடைய அம்மாவுக்குப் போன், எங்கள் அம்மாவுக்குப் போன், எனக்குப் போன். “மதினி, அவளுக்கு மறதி ரொம்ப அதிகமாயிட்டு வருது, பயமா இருக்கு” என்று அவர் சொன்ன குரலில் அப்படி ஒரு அக்கறை இருந்தது. நான் நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, வல்லாரை லேகியம் வாங்கிக்கொண்டு போய் அவர் எதிரிலேயே அவள் கையில் கொடுத்து, “வேளாவேளைக்குச் சாப்பிடு, அவரு பாவம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கெட்ட காரியம் அது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அவள் படம் எடுக்க ஆரம்பித்தது. யாருக்கும் நிரூபிக்க அல்ல, தனக்குத் தானே நிரூபித்துக்கொள்ள. ஒருநாள் மாடிக்குப் போகும் முன் எடுத்த படத்தில் குமிழ் அணைந்திருக்கிறது, இறங்கி வந்தால் அடுப்பு எரிகிறது, வீட்டில் அவரையும் தொட்டிலில் கிடந்த குழந்தையையும் தவிர யாரும் இல்லை. அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. “எனக்குப் பைத்தியம்னு நினைச்சப்ப இருந்த பயத்தவிட, பைத்தியம் இல்லன்னு தெரிஞ்சப்ப வந்த பயம் பெருசுக்கா” என்றாள்.

இதற்குப் பெயர் இருக்கிறது. கேஸ்லைட்டிங் என்கிறார்கள். 1938-ல் இங்கிலாந்தில் மேடையேறிய ஒரு நாடகத்திலிருந்து வந்த சொல் அது. அந்த நாடகத்தில் வீட்டு விளக்கின் வெளிச்சம் மங்கும், கணவனோ அப்படி எதுவும் இல்லை, உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று மனைவியை நம்பவைப்பான். என் தங்கைக்கு அந்தச் சொல்லும் தெரியாது, அந்த நாடகமும் தெரியாது. அவள் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு மனுஷியின் கண்ணையும் காதையும் அவளே நம்பாதபடி செய்துவிட்டால், அதன் பிறகு அவள் எதற்கெடுத்தாலும் தன்னையே கேட்டுக்கொண்டு நிற்பாள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தெரிந்துகொள்ள யாரும் படிக்க வேண்டியதில்லை போல.

கொரியப் போரில் பிடிபட்டுத் திரும்பிய அமெரிக்க விமானப்படையினர் சிலர், தாங்கள் செய்யாத குற்றங்களை எல்லாம் செய்ததாக அங்கே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர்களை எப்படி அந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஆல்பர்ட் பிடர்மன் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து 1957-ல் எழுதினார். அடி உதை அதில் அவசியமான பகுதியே இல்லை என்பதுதான் அவர் கண்டது. ஆளைத் தனியாக்குவது, தூங்கவிடாமல் சோர்வாக்குவது, மிரட்டல், கேவலப்படுத்துவது, எல்லாம் எங்கள் கையில்தான் என்று காட்டுவது, அற்பமான விதிகளைப் போட்டு அதற்குக் கட்டுப்படவைப்பது, நடுநடுவே எதிர்பாராமல் ஒரு சலுகை கொடுப்பது என்று அவர் பட்டியல் போகிறது. படித்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. போர்க்கைதி முகாமைப் பற்றிய வரிகளில் என் தங்கையின் வீடு அப்படியே இருந்தது.

அற்பமான விதி என்றால் எப்படி என்று சொல்கிறேன். துண்டை மூன்றாக மடிக்க வேண்டும், நான்காக மடித்தால் கலைத்துப் போட்டு மறுபடி மடிக்கச் சொல்வார். தண்ணீர்ச் செம்பு தட்டுக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். செலவு நோட்டில் கறிவேப்பிலை 5 ரூபாய் உட்பட எழுதி ராத்திரி காட்ட வேண்டும். கடைக்காரர் கொசுறாகக் கொடுத்த கொத்தமல்லிக்குக்கூட ‘கொசுறு’ என்று எழுதியிருக்கிறாள், அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. வெளியே போனால் வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் போட வேண்டும். இதில் எதையாவது தனியாக எடுத்து உங்கள் மேஜையில் வைத்தால், “இதெல்லாம் ஒரு பிரச்சினையாம்மா, எங்க வீட்டுலயும்தான் செம்ப மாத்தி வச்சா கத்துவாரு” என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். அவளே அப்படித்தான் பல வருடம் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் காலை ஐந்தரை மணிக்கு எழுந்ததிலிருந்து படுக்கும் வரை ஒரு ஆள் என்ன நினைப்பார் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க நேரமில்லாதபடி ஒருவரை வைத்திருப்பது கொடுமை இல்லையென்றால், கொடுமை என்று எதைச் சொல்வது?

“முன்கோபிம்மா, மனசுல ஒண்ணும் கிடையாது” என்று பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர்கள் சொன்னார்கள். நீங்களும் அதைச் சொல்கிறீர்கள். கோபம் வந்தால் தன்னை மறந்துவிடுகிறார் என்பது அதன் அர்த்தம். நான் ஒருமுறை அங்கே தங்கியிருந்தபோது அடுத்த அறையிலிருந்து கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் அவளிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அந்த நேரம் பார்த்து காலிங் பெல் அடித்தது, எதிர்வீட்டுக்காரர். கதவைத் திறப்பதற்குள், நான்கு எட்டு நடப்பதற்குள், “வாங்க சார், வாங்க, காபி சாப்பிடுறீங்களா?” என்று குரல் மாறிவிட்டது. தன்னை மறந்தவருக்கு அப்படி மாறாது அம்மா. எதிர்வீட்டுக்காரர் போன பிறகு, விட்ட இடத்திலிருந்து, அதே வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

இப்போது இரண்டாவது முறைக்கு வருகிறேன். உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

அவரையும் வரச் சொல்லியிருந்தீர்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ஃபைல். அதில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கட்டிய ரசீது, குழந்தைக்கு வளையல் வாங்கிய பில், கொடைக்கானலில் எடுத்த குடும்பப் படம். இரண்டு பேரையும் எதிரெதிரே நாற்காலியில், முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்காரவைத்தீர்கள். அவர் மெதுவாகப் பேசினார். “மேடம், அவ மேல எனக்குக் கோபமே கிடையாது. என் மேல புகார் கொடுத்ததுகூடப் பரவாயில்ல. அவளுக்கு ட்ரீட்மென்ட் கொடுங்கன்னுதான் அவங்க வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்கேன்.” என் தங்கை கத்தினாள். தேதியை மாற்றிச் சொன்னாள், முதலில் ஆடி என்றாள், அப்புறம் தீபாவளிக்குப் பிறகு என்றாள், நடுவில் எழுந்து நின்று அழுதாள், மூக்குச் சளியைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே ஒரே விஷயத்தை நான்கு முறை சொன்னாள். “பாரும்மா, எவ்ளோ பொறுமையா உக்காந்திருக்காரு மனுஷன்” என்று சொன்னீர்கள். அவள் அப்படியே அடங்கிப் போனாள்.

எந்த வீட்டில் கொடுமை நடக்கிறதோ அந்த வீட்டில் கொடுமை செய்கிறவர்தான் நன்றாகத் தூங்குகிறார். தேதியும் ரசீதும் அவரிடம் ஒழுங்காக இருக்கும். தொடர்ந்து பயத்திலேயே இருந்தவருக்கு நடந்தது கோர்வையாக வராது, துண்டு துண்டாக, முன்னும் பின்னுமாகத்தான் வரும். ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1997-ல் இன்னொன்றைச் சொன்னார்: குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் மறுப்பார், அடுத்து புகார் கொடுத்தவரின் யோக்கியதையைத் தாக்குவார், கடைசியில் தானே பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார். அன்றைக்கு உங்கள் மேஜைக்கு முன்னால் அந்த மூன்றும் வரிசையாக நடந்தன, இருபது நிமிடத்துக்குள். யார் அமைதியாகப் பேசுகிறார், யார் அழுகிறார் என்பதை வைத்து யார் நல்லவர் என்று முடிவு கட்டாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

“இனிமேல் பிரச்சினை இல்லாமல் சேர்ந்து வாழ்கிறோம்” என்று இருவரிடமும் எழுதி வாங்கினீர்கள். வெளியே வந்ததும் அவர் மல்லிகைப்பூ நான்கு முழமும் அரைக் கிலோ அல்வாவும் வாங்கினார். மூன்று வாரம் அந்த வீடு சொர்க்கம் மாதிரி இருந்தது என்று தங்கையே சொன்னாள். செலவு நோட்டைக்கூட கேட்கவில்லையாம். நாலாவது வாரம் ஒரு ராத்திரி, அவள் எழுதிக் கொடுத்த அந்தத் தாளின் போட்டோவை போனில் காட்டி, “ஸ்டேஷன்லயே நீதான் தப்புன்னு எழுதிக் கொடுத்திருக்க, இனிமே யார்கிட்ட போவ?” என்று கேட்டாராம். நீங்கள் குடும்பம் பிரியக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வாங்கிய தாள் அது.

“இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்த, ஏன் திரும்பித் திரும்பிப் போற?” என்ற கேள்விக்கும் பதில் அந்த அல்வாவில்தான் இருக்கிறது. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகளில், ஒவ்வொரு தடவையும் தவறாமல் தீனி கிடைத்துவந்த பிராணி, தீனி நின்றதும் சீக்கிரமே முயற்சியை விட்டுவிட்டது. எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் எப்போதாவது கிடைத்துவந்த பிராணிதான் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. 1981-ல் டட்டன், பெயின்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அடிவாங்கும் மனைவிகளைப் பற்றி எழுதும்போது, கொடுமையும் அன்பும் மாறி மாறி வரும் உறவில்தான் பிடிப்பு இறுகுகிறது என்று விளக்கினார்கள். முழுக்க முழுக்கக் கெட்டவனை விட்டு வருவது அவ்வளவு கஷ்டமில்லை. மூன்று வாரம் நல்லவனாக இருந்தவன்தான் உண்மையான ஆள், மற்றதெல்லாம் என் தப்பால் வந்தது என்று நம்புகிறவளுக்குத்தான் கால் எழாது. அதைப் புத்தி மட்டு என்று சொல்லாதீர்கள், யார் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் ஆகும்.

சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தின் 3-வது பிரிவு அடி உதையோடு நிற்கவில்லை. இழிவுபடுத்துவது, மிரட்டுவது, கைச்செலவுக்கு இல்லாமல் செய்வது எல்லாமே வன்முறைதான் என்கிறது. 5-வது பிரிவு உங்களுக்கே போட்ட கடமை: புகாரோடு வருகிறவளிடம், பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம், இலவச சட்ட உதவி கிடைக்கும், கிரிமினல் புகாரும் கொடுக்கலாம் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு முறையும் எங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ-க்குப் பதிலாக 2024 ஜூலை முதல் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 86-வது பிரிவும் கொடுமை என்பதை விளக்கும்போது உடல்நலத்தோடு மனநலத்தையும் சேர்த்தே சொல்கிறது. கொடுமை செய்வது ஆண்கள் மட்டும் என்றும் நான் சொல்லவில்லை. மனரீதியான கொடுமை என்றால் என்ன என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் விரிவாக விளக்கிய சமர் கோஷ் வழக்கில் பாதிக்கப்பட்டு வந்தவர் கணவர்தான். அதில் நீதிபதிகள் பார்த்ததும் ஒரு நாள் சண்டையை அல்ல, பல வருட நடத்தையை. இங்கிலாந்தில் இதே நடத்தையை, ஒரு அடிகூட விழாவிட்டாலும், 2015-ல் ஐந்து வருடம் வரை தண்டனை உள்ள குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்கில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். அது உடல், பாலியல் வன்முறையை மட்டும் எண்ணிய கணக்கு. என் தங்கை அந்த எண்ணிக்கையிலேயே வரமாட்டாள்.

மூன்றாவது முறை. இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் அம்மா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். ஒரு ஏட்டம்மா, ஐம்பது வயது இருக்கும், எங்களைப் பின்பக்கம் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். என்னைச் சற்றுத் தள்ளி இருக்கச் சொன்னார், அது எனக்கு அப்போது கோபமாகக்கூட இருந்தது. பெட்டிஷனைப் படிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சாயங்காலம் அவரு வண்டிச் சத்தம் கேட்டா உனக்கு என்னம்மா பண்ணும்?”

என் தங்கை அழவில்லை. தேதி குழம்பவில்லை. “ஸ்டாண்டு சத்தம் கேப்பேன் மேடம். சைடு ஸ்டாண்டு போட்டா திரும்ப வெளிய போவாரு, பரவாயில்ல. சென்டர் ஸ்டாண்டு போட்டா புள்ளைய எடுத்து மடியில வச்சுக்குவேன், மடியில புள்ள இருந்தா கொஞ்சம் மெதுவா பேசுவாரு” என்றாள்.

ஏட்டம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் போனில் யார் பாஸ்வேர்டு போட்டது, ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது, அம்மா வீட்டுக்குக் கடைசியாகத் தனியாக எப்போது போனாய், முடியாது என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாயா, சொன்னால் என்ன ஆகும் என்று நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். நாற்பது நிமிடம். அடுப்புப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, “இத அழிச்சிடாத, ஒரு காப்பி அக்கா போன்ல போட்டு வை” என்றார். பாதுகாப்பு அலுவலர் அலுவலகம் எங்கே என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் கீழே எழுதிக் கொடுத்தார். அங்கிருந்துதான் எங்கள் வழக்கே ஆரம்பித்தது. அவருக்கு யாராவது இதற்குப் பயிற்சி கொடுத்திருந்தார்களா, அல்லது அவரே பட்டுத் தெரிந்துகொண்டாரா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விகளை உங்கள் எல்லா மேஜையிலும் எழுதி ஒட்டிவைக்க எவ்வளவு செலவாகிவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பெண்கள் புகார் சொல்லக் கூச்சப்படக் கூடாது என்றுதான் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்தார்கள். அதனால்தான் பயந்துகொண்டாவது உங்களிடம் வருகிறோம், வேறு எங்கும் போகவில்லை. சமாதானம் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சண்டை போட்ட இரண்டு பேருக்கு நடுவில் சமாதானம் பேசலாம், பேசவும் வேண்டும். ஒருவர் இன்னொருவரைப் பிடித்துவைத்திருக்கும் இடத்தில் சமாதானம் பேசினால் பிடித்துவைத்தவருக்குத்தான் அது உதவும். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள, இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, கதவைச் சாத்தி, அரை மணி நேரம் கேளுங்கள். அவள் எழுதிக் கொடுக்கும் முன் அந்தத் தாளை ஒரு தடவை அவளுக்கே வாசித்துக் காட்டுங்கள்.

தங்கை இப்போது என் வீட்டில் இருக்கிறாள். என் அடுப்பையும் படம் எடுக்கிறாள், நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன். வரும் வியாழக்கிழமை அவளுடைய துணிமணி, சர்டிபிகேட், குழந்தையின் தடுப்பூசி அட்டை இதையெல்லாம் அந்த வீட்டிலிருந்து எடுத்துவரப் போகிறோம், அதற்குப் போலீஸ் துணை கேட்டு உங்கள் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர் அன்றைக்கும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் நிற்பார், எல்லோருக்கும் காபி வேண்டுமா என்று கேட்பார். அந்த ஏட்டம்மாவை எங்களோடு அனுப்ப முடியுமா?

இப்படிக்கு,
ஒரு அக்கா